மூளைக் காயத்துடன் தீவிர சிகிச்சையில் இருப்பவருக்குக் காய்ச்சல்: யாழ்ப்பாணத்து உறவினர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வீதி விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பனையிலோ தென்னையிலோ ஏறி விழுந்தவர்கள், மூளைக்குள் குருதிக்குழாய் வெடித்தவர்கள் எனப் பலர் நெடுந்தீவிலிருந்து படகேறியும், மந்திகையிலிருந்தும் தெல்லிப்பழையிலிருந்தும் நோயாளர் காவு வண்டியில் மாற்றப்பட்டும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களுள் நிலைமை மோசமானவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். முதல் ஓரிரு நாள்கள் வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கேட்பது உயிர் தப்புமா என்ற ஒன்றைத்தான். மூன்றாம், நான்காம் நாளளவில் "காய்ச்சல் காய்கிறது" என்ற செய்தி வரும்போது கேள்விகள் மாறிவிடுகின்றன. அந்தக் கேள்விகளுக்கான பதில்களே இவை. முதலில் உறவினர்களுக்காகவும், அடுத்து இந்தப் பிரிவில் புதிதாகப் பணியேற்கும் தாதியருக்காகவும் எழுதப்பட்டவை. இங்கு வரும் அளவுகள் விளங்கிக்கொள்வதற்கானவை. ஒருவருக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

எத்தனை பாகைக்கு மேல் போனால் காய்ச்சல் என்கிறீர்கள்?

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பொதுவாக 38.3 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட உடல் உள்வெப்பநிலையே காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டிய காய்ச்சல் எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் மூளை அடிபட்டவரின் விடயத்தில் அந்த எல்லை வரை காத்திருப்பதில்லை. வெப்பநிலையை 36 இற்கும் 37.5 இற்கும் இடையில் வைத்திருப்பதையே நிபுணர்களின் அண்மைய பரிந்துரைகள் இலக்காகச் சொல்கின்றன.

அக்குளில் வைக்கும் வெப்பமானியை இங்கு நம்பியிருக்க முடியாது. மின்விசிறிக் காற்றிலும், கைகால் குளிர்ந்துபோன நிலையிலும் அது உண்மையை விடக் குறைவாகவே காட்டும். ஆகவே இயன்ற இடங்களில் சிறுநீர்ப்பையிலோ உணவுக்குழாயிலோ வைக்கப்படும் உணரி மூலம் உள்வெப்பநிலை அளக்கப்படுகிறது. மூளையின் வெப்பநிலை இவற்றிலும் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை கூடுதலாக இருப்பது வழக்கம். திரையில் 38.5 என்று தெரியும்போது மூளை 39 ஐத் தாண்டியிருக்கலாம்.

காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதானே. மூளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுதி?

சாதாரண உடலில் காய்ச்சல் கிருமியை எதிர்க்கும் ஓர் ஆயுதம். அடிபட்ட மூளையில் அதே காய்ச்சல் இரண்டாவது அடியாக மாறுகிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் மூளையின் ஒட்சிசன், சீனித் தேவை ஏறக்குறைய 6 முதல் 10 சதவீதம் வரை கூடுகிறது. அந்தத் தேவையை ஈடுசெய்யக் கூடுதல் குருதி மூளைக்குள் பாய வேண்டும். மண்டையோடு விரிந்துகொடுக்காத ஒரு பெட்டி ஆதலால், ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூளையுடன் இந்தக் கூடுதல் குருதியும் சேரும்போது மண்டையோட்டின் உள்அழுத்தம் ஏறுகிறது. அது 22 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேல் நிலைத்து நின்றால் சிகிச்சை அவசியம். அழுத்தம் ஏற ஏறக் குருதி உள்ளே செல்வது குறையும். தேவை கூடியிருக்கும் நேரத்தில் வரவு குறைவதனால், விபத்தில் தப்பிய உயிரணுக்களும் சாகத் தொடங்குகின்றன.

வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. வியர்வையாலும் வேகமான மூச்சாலும் உடல் நீர் இழக்கிறது. அந்த நீரிழப்பை ஈடுசெய்யும்போதும் கவனம் வேண்டும்: வெறும் டெக்ஸ்ரோஸ் (சீனி) நீர் போன்றவை மூளை வீக்கத்தைக் கூட்டும் என்பதால் இவர்களுக்குப் பெரும்பாலும் சேலைனே ஏற்றப்படுகிறது.

காய்ச்சல் என்றால் கிருமித்தொற்று என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சலைக் குறைப்பது ஒரு வேலை, அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. முதலாவது மூளைக்காக உடனே தொடங்க வேண்டியது. இரண்டாவதை நோயாளருக்காகப் பொறுமையாகச் செய்ய வேண்டும். பரசிற்றமோலால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதற்காகத் தொற்று இல்லை என்றாகாது. காய்ச்சல் இறங்கவில்லை என்பதற்காக அன்ரிபயோட்டிக் தோற்றுவிட்டது என்றும் ஆகாது.

உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மையம் மூளையின் அடிப்பகுதியில் ஐப்போதலமசு என்ற இடத்தில் இருக்கிறது. அதனருகே அடிபட்டாலோ, மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியிலோ உள்ளறைகளிலோ குருதி கசிந்து தங்கினாலோ, எந்தக் கிருமியும் இல்லாமலே காய்ச்சல் ஏறும். இதை மூளைசார் காய்ச்சல் எனலாம். பெரும்பாலும் முதல் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கும், நாள்முழுதும் ஒரே மட்டத்தில் நிற்கும், பரசிற்றமோலுக்கு எளிதில் இறங்காது. நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்கும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைகளில் ஒன்றும் வளராது. ஆயினும் இந்த அடையாளங்களில் எதுவும் தனியே நின்று முடிவு சொல்லாது. தொற்றுகளை ஒவ்வொன்றாகத் தேடி, இல்லை என்று கண்ட பின்னரே வைத்தியர் அந்தப் பெயரைச் சொல்வார். "தலையில் அடிபட்டவர்தானே, தலைக்காய்ச்சலாகத்தான் இருக்கும்" என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டால் நெஞ்சில் வளரும் நியூமோனியா கண்ணில் படாமல் போய்விடும்.

இவை தவிரக் கால் நாளங்களில் குருதி உறைந்தாலும், குருதி ஏற்றிய பின்னரும், பெனிற்றோயின் போன்ற வலிப்பு மருந்துகளாலும், சிலவேளை அன்ரிபயோட்டிக்காலேயே கூடவும் காய்ச்சல் வரலாம். மருந்தினால் வரும் காய்ச்சல் அந்த மருந்தை நிறுத்தினால்தான் தணியும்.

அனுமதிக்கும்போது சளியே இருக்கவில்லை. தொற்று எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியின் பின்னால் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கும். அது இயல்பானதே என்பதால் பதிலை விரிவாகவே சொல்ல வேண்டும்.

மயங்கிய நிலையில் இருப்பவருக்கு இருமலும் விழுங்கும் தன்மையும் அற்றுப்போகின்றன. விபத்து நடந்த இடத்திலேயே வாந்தியோ வாயில் நிறைந்த குருதியோ நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம். அது முதல் நாளில் எக்ஸ்ரேயில் தெரியாமல் மூன்றாம் நாளில் தெரியும். அடுத்து, சுவாசக் குழாய். உயிரைக் காக்கும் அதே குழாய், தொண்டையின் இயற்கையான காவலைத் திறந்தும் விடுகிறது. குழாயைச் சுற்றி ஊதப்பட்ட சிறு பலூனுக்கு மேல் தேங்கும் எச்சில், துளித்துளியாக நுரையீரலுக்குள் கசிகிறது. செயற்கைச் சுவாசம் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குப் பின் வரும் நியூமோனியா இவ்வகையைச் சேர்ந்தது. மூளைக் காயமுடையவர்களுக்கு இதுவே மிக அதிகமாக வரும் தொற்று.

முதல் நாள்களில் வருவது பெரும்பாலும் நோயாளரின் மூக்கிலும் தொண்டையிலும் முன்பே குடியிருந்த பற்றீரியாக்களால். நாள்கள் செல்லச்செல்ல கிளெப்சியெல்லா, சூடோமோனாசு, அசினெற்றோபக்டர் போன்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் வருகின்றன. இவை வைத்தியசாலைச் சூழலில் வாழ்பவை. கட்டில் விளிம்பு, இயந்திரத்தின் பொத்தான், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதக் கைகள் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகின்றன.

சிறுநீர்க் குழாய், கழுத்து நாளத்தில் போட்ட குழாய், மருந்து ஏற்றுவதற்காகக் கை நாளத்தில் நாள்கணக்கில் இருக்கும் சிறு குழாயான கனுலா, படுக்கைப் புண், சத்திரசிகிச்சைத் தையல், மூக்குக் குழாயால் அடைபட்ட முகக் குழிகள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாசல். காய்ச்சல் ஏறிய நோயாளரைத் தலை முதல் கால் வரை புரட்டிப் பார்ப்பது அதனால்தான். நல்ல தாதியர் ஒருவர் கனுலாவின் ஒட்டுத்துணியை விலக்கி, அதன் கீழ் நாளம் சிவந்து கயிறு போலத் தடித்திருப்பதைக் கண்டு அதைக் கழற்றிவிட்டால், மறுநாள் காய்ச்சல் தானாக இறங்கிவிடுவதும் உண்டு. விலையுயர்ந்த பரிசோதனை எதற்கும் அங்கே தேவை இருந்திருக்காது.

அதைத் தடுக்க என்ன செய்யப்படுகிறது?

கட்டிலின் தலைப்பக்கம் ஏறக்குறைய 30 பாகை உயர்த்தி வைக்கப்படும். இது நெஞ்சுக்கும் நல்லது, மூளை அழுத்தத்துக்கும் நல்லது. சுவாசக் குழாயின் பலூன் அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கப்படும். குறைந்தால் எச்சில் கசியும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். பல் துலக்குவது சிறிய விடயம் போலத் தோன்றும், ஆனால் அது நியூமோனியாவைக் குறைக்கிறது. முன்னர் வழக்கமாகப் பயன்படுத்திய குளோரெக்சிடின் வாய்கழுவியை 2022 இல் வெளியான அமெரிக்கப் பரிந்துரைகள் கைவிட்டு, தூரிகையால் பல் துலக்குவதை முன்னிறுத்தின.

தேவையற்ற குழாய் ஒவ்வொன்றும் "இன்றைக்கும் இது வேண்டுமா" என்ற கேள்வியுடன் நாள்தோறும் பார்க்கப்பட வேண்டும். 2024 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், மூளைக் காயத்தால் சுவாசக் குழாய் இடப்பட்டவர்களுக்கு 12 மணித்தியாலத்துக்குள் செப்ட்ரியாக்சோன் 2 கிராம் ஒரே ஒருமுறை கொடுத்தபோது, முதல் வாரத்தில் வரும் நியூமோனியா 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தடவை என்பதே அங்கே முக்கியம். நாள்கணக்கில் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு அது சான்றாகாது.

கைகழுவுதலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. இந்தப் பட்டியலில் மிக மலிவானதும், மிக வலிமையானதும், அவசரத்தில் முதலில் மறக்கப்படுவதும் அதுதான். உறவினர் உட்பட யாராயினும், நோயாளரைத் தொட முன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சுத்தம் செய்யாதவரைப் பார்த்தால், தயங்காமல் நினைவூட்டுங்கள். அவர் வைத்தியராக இருந்தாலும் அது மரியாதைக் குறைவாகாது.

தலையிலிருந்து ஒரு குழாய் வருகிறது. அதனால் மூளைக்குள் கிருமி போகாதா?

போகலாம். அந்தக் குழாய் மூளையின் உள்ளறையில் தேங்கும் மூளைத்தண்டுவடத் திரவத்தை வெளியே வடிக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் திரவம் சுரக்கிறது. வழி அடைபட்டால் அது தேங்கி மூளையை நசுக்கும். ஆகவே ஆபத்து தெரிந்தே குழாய் வைக்கப்படுகிறது.

பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும்: குழாயின் துளிக்கூடம் காதுத் துவாரத்தின் மட்டத்தை வைத்து அளந்து, வைத்தியர் சொன்ன உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். கட்டிலை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அந்த மட்டம் மாறிவிடும், திரவம் கூடுதலாக ஓடிவிடலாம் அல்லது நின்றுவிடலாம். உறவினர் கட்டிலின் கைப்பிடியைத் தொட வேண்டாம் என்று தாதியர் கண்டிப்பாகச் சொல்வதன் காரணம் இது. வடியும் திரவம் தெளிந்த நீராகவோ, கசிவு இருந்தவருக்கு இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கத் தொடங்கினால், நோயாளரின் விழிப்புநிலையும் இறங்கினால், உள்ளறைத் தொற்று எனச் சந்தேகிக்கப்படும்.

சந்தேகத்தை உறுதிசெய்வது எளிதல்ல. உள்ளறையில் கசிந்த குருதியே அங்கு வெண்குருதிச் சிறுதுணிக்கைகளை அழைத்து வரும். சத்திரசிகிச்சையும் அவ்வாறே செய்யும். எனவே ஒருநாள் எண்ணிக்கையை விட, அது நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது, சீனி அளவு இறங்குகிறதா, கல்ச்சரில் கிருமி வளர்கிறதா என்பவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. "அப்படியென்றால் நாள்தோறும் எடுத்துப் பரிசோதித்தால் என்ன" என்று கேட்கத் தோன்றும். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாசல் திறக்கிறது என்பதால், காரணமின்றி அடிக்கடி எடுப்பது தவிர்க்கப்படுகிறது.

தொற்று உறுதியானாலோ வலுவான சந்தேகம் இருந்தாலோ பொதுவாக வன்கோமைசினும், அதனுடன் மெரோபெனம் அல்லது செவ்ரசிடிம் போன்ற ஒன்றும் நாளம் வழியே தொடங்கப்படும், பழைய குழாய் அகற்றப்படும் அல்லது மாற்றப்படும். குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைப் பல மருந்துகள் கடப்பதில்லை. அதனால் சிலருக்கு மருந்து நேரே உள்ளறைக்குள் செலுத்தப்பட்டு, அது தங்குவதற்காகக் குழாய் சிறிது நேரம் மூடி வைக்கப்படும்.

மண்டையோட்டின் அடி உடைந்து மூக்கால் தண்ணீர் வருகிறது. அன்ரிபயோட்டிக் வேண்டாமா?

தடுப்பாகக் கொடுப்பது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இவ்வாறான மூளைத்தண்டுவடத் திரவக் கசிவுகளில் பெரும்பாலானவை சில நாள்களில் தாமாக நின்றுவிடும். மூக்கைச் சிந்தக்கூடாது, மூக்கு வழியாகக் குழாய் போடக்கூடாது, கசிவு தொடர்ந்தால் நியூமோகொக்கசு என்ற பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால் அது அவசர நிலை.

"ஏன் இன்னும் பலமான அன்ரிபயோட்டிக் போடவில்லை?" என்று கனடாவிலிருந்து அண்ணா கேட்கிறார். என்ன சொல்வது?

தூரத்தில் இருப்பவருக்குப் பதற்றம் கூடுதல். அவர் கேட்பது அன்பினால்தான். அவருக்குச் சொல்ல வேண்டியது இது: முதலில் கல்ச்சருக்கான மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. குருதி இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, வளர்ந்தவருக்குப் போத்தலொன்றுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் எடுக்கப்படும். சுவாசக் குழாயிலிருந்து சளியும், சிறுநீரும் எடுக்கப்படும். குருதி அழுத்தம் விழுந்து தொற்று உடலெங்கும் பரவிய நிலை என்றால் மாதிரி எடுத்த கையோடு, ஒரு மணித்தியாலத்துக்குள், பரந்த வீச்சுள்ள (பல வகைக் கிருமிகளைத் தாக்கும்) மருந்து தொடங்கப்படும். அங்கே காத்திருப்பது தவறு. ஆனால் நோயாளர் நிலையாக இருந்து, எந்த இடத்திலும் தொற்றின் அடையாளம் இல்லாமல் வெப்பநிலை மட்டும் ஏறியிருந்தால், தேடிப்பார்த்துத் தொடங்குவதே சரி.

ஏனெனில் தேவையற்ற மருந்து வெறுமனே வீண் போவதில்லை. நோயாளரின் குடலிலும் தோலிலும் உள்ள எளிய கிருமிகளைக் கொன்று, அடங்காத கிருமிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. உண்மையான தொற்று இரண்டாம் வாரத்தில் வரும்போது கையில் மருந்து மிஞ்சாது. மூளை நோயாளருக்கே உரிய சிக்கல்களும் உள்ளன: செவெபிம், இமிபெனம் ஆகியவை, சிறப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். வலிப்புக்காக வல்புரோயேற் எடுப்பவருக்கு மெரோபெனம் கொடுத்தால், குருதியில் வல்புரோயேற்றின் அளவு வேகமாக விழுந்து அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். நோயாளர் முன்பே எந்த வலிப்பு மாத்திரை எடுத்தார் என்ற தகவலை, வீட்டிலிருக்கும் கிளினிக் கொப்பியுடன் கொண்டுவந்து கொடுங்கள்.

தொடங்கிய மருந்து அப்படியே தொடர்வதும் இல்லை. கல்ச்சர் முடிவு 48 முதல் 72 மணித்தியாலத்தில் வரும்போது, வளர்ந்த கிருமிக்கு ஏற்ற குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாற்றுவதும், ஒன்றுமே இல்லையெனில் நிறுத்துவதும் முன்னேற்றத்தின் அடையாளம். "பலமான மருந்தை நிறுத்திவிட்டார்கள்" என்று கவலைப்பட வேண்டாம். செயற்கைச் சுவாச நியூமோனியாவுக்குப் பெரும்பாலும் 7 நாள் மருந்து போதும்.

உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற குருதிப் பரிசோதனையின் எண்ணைப் பலர் கைபேசியில் குறித்து வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அடிபட்டதாலும் சத்திரசிகிச்சையாலும் கூட அது ஏறும். அந்த எண் கூடியது என்பதால் மட்டும் மருந்தை மாற்ற முடியாது.

காய்ச்சலை எப்படிக் குறைக்கிறீர்கள்? ஈரத்துணி போட்டால் போதாதா?

முதலில் பரசிற்றமோல். வளர்ந்தவருக்கு வழக்கமாக 1 கிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமுக்கு மேற்படாமல், ஈரல் தளர்ந்தவருக்கும் மெலிந்தவருக்கும் அதிலும் குறைவாகக் கொடுக்கப்படும். நாளம் வழியே ஏற்றும்போது குருதி அழுத்தம் விழலாம், அழுத்தம் விழுவது மூளைக்குக் காய்ச்சலை விடக் கேடு என்பதால் அது கவனிக்கப்படும். டைக்குளோபெனாக் வகை மருந்துகள் குருதிக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டலாம் என்பதால் எல்லோருக்கும் பொருந்தா.

மூளைசார் காய்ச்சல் மருந்துக்கு அடங்காதபோது உடலை வெளியிலிருந்து குளிர்விக்க வேண்டும். குளிர்நீர் ஓடும் போர்வைகளும், தோலில் ஒட்டும் தகடுகளும் வெப்பநிலையைத் தாமே அளந்து கட்டுப்படுத்தும். அவை இல்லாத இடத்தில் போர்வையை விலக்கி, மின்விசிறி வைத்து, சாதாரண நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியில் சுற்றிய குளிர்ப் பொதிகள் வைக்கப்படும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெக்கையில் அறையின் வெப்பமே ஒரு காரணமாகிவிடும். அறையைக் குளிராக வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஆனால் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவை ஈரத்துணி மாற்றுவதில்லை. மூளை 39 வேண்டும் என்று முடிவு செய்திருக்க, நாம் தோலைக் குளிர்வித்தால் உடல் நடுங்கி மீண்டும் சூட்டை உண்டாக்கும்.

நடுக்கம் வந்தால் என்ன? குளிரில் நடுங்குவது இயல்புதானே.

நடுங்கும் தசைகள் ஒட்சிசனை விழுங்குகின்றன, உடல் உண்டாக்கும் வெப்பமும் கூடுகிறது, மண்டை அழுத்தமும் ஏறுகிறது. குளிர்வித்ததால் கிடைத்த நன்மை முழுவதையும் நடுக்கம் பறித்துவிடும். அது தாடையிலும் கழுத்திலும்தான் முதலில் தெரியும். தாதியர் அங்கே கை வைத்துப் பார்ப்பார்கள், இதயத் துடிப்பு வரைபடத்தின் அடிக்கோடு நடுங்குவதையும் கவனிப்பார்கள். கைகளையும் பாதங்களையும் சூடாகப் போர்த்தி வைத்தால் தோல் ஏமாந்து நடுக்கம் குறையும். உடல் குளிர்ப் போர்வையிலும் கைகால் சூடான உறையிலும் இருப்பதைப் பார்த்து உறவினர் குழம்புவதுண்டு. இரண்டும் வேண்டுமென்றே செய்யப்படுபவை. போதாவிட்டால் மக்னீசியம், பெதிடின், டெக்ஸ்மெடற்றோமிடின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படும்.

அப்படியென்றால் உடலை இன்னும் நன்றாக, 33 பாகைக்கே இறக்கிவிட்டால் மூளை தப்பாதா?

அந்த நம்பிக்கை பல ஆண்டுகள் இருந்தது. பெரிய ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. மண்டை அழுத்தம் ஏறிய தலைக்காயக்காரரை 32 முதல் 35 பாகைக்குக் குளிர்வித்த ஐரோப்பிய ஆய்வு 2015 இல் வெளியானபோது, குளிர்விக்கப்பட்டவர்களின் நிலை மற்றவர்களை விட மோசமாக இருந்தது. தொடக்கத்திலேயே குளிர்வித்துப் பார்த்த 2018 ஆம் ஆண்டின் போலார் ஆய்விலும் நன்மை தெரியவில்லை. ஆழ்ந்த குளிர் குருதி உறைதலைக் கெடுக்கிறது, நியூமோனியாவையும் கூட்டுகிறது.

2024 இல் வெளியான இன்ரெபிட் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரிசவாதமோ மூளைக் குருதிக்கசிவோ ஏற்பட்டவர்களுக்குக் கருவி மூலம் காய்ச்சலே வராமல் தடுத்தபோது காய்ச்சல் சுமை நன்றாகக் குறைந்தது. ஆனால் மூன்று மாதத்தின் பின் அவர்களின் செயற்பாட்டுத் திறன் மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே காய்ச்சலைக் குறைப்பது தேவை, அது மட்டும் மூளையை மீட்டுவிடும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. விலையுயர்ந்த குளிர்ப்பு இயந்திரம் நம் ஊரில் இல்லாததால் நம்மவர் இழந்துவிட்டார் என்று மனம் வருந்துவோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கவனமான தாதியப் பராமரிப்பு எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததல்ல.

திடீரென வியர்த்துக் கொட்டி, கைகால் விறைத்து, காய்ச்சலும் ஏறுகிறது. வலிப்பா?

எல்லாம் வலிப்பல்ல. கடுமையாக அடிபட்ட இளவயதினரில், திருப்பிப் படுக்க வைத்தல், சளி உறிஞ்சுதல் போன்ற சிறு தூண்டலுக்கும் உடலைத் தானாக உசுப்பும் பரிவு நரம்புத் தொகுதி கட்டுக்கடங்காமல் கிளர்ந்து துடிப்பும் அழுத்தமும் மூச்சும் வெப்பநிலையும் ஒன்றாக ஏறுவதுண்டு. புரொப்ரனோலோல், மோபின், கபாபென்ரின் போன்றவை இதற்குக் கொடுக்கப்படும். அன்ரிபயோட்டிக்கால் பயனில்லை. அந்த வேளையில் சத்தத்தையும் தொடுகையையும் குறைத்தால் நல்லது.

விபத்துக்கு முதல் நாளே உடம்பு சரியில்லை என்றார். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். மாரிமழை தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சலும் இங்கு பரவி உயிர்களைப் பறித்தது. உண்ணிக் காய்ச்சலும் நம் மண்ணில் உள்ளது. காய்ச்சலால் தலைசுற்றி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், வெறும் விபத்து நோயாளராகப் பதியப்படலாம். டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால் மூளையில் கசிவு பெருகும். எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் இரண்டுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற எளிய மருந்து வேலை செய்யும். உண்ணிக் காய்ச்சலுக்கோ மெரோபெனம் போன்ற "பலமான" மருந்து பயன்படாது. வயலில் வேலை செய்தாரா, வெள்ளத்தில் நடந்தாரா, பற்றைக்குள் போனாரா, பனடோல் எத்தனை நாள் போட்டார் என்பவற்றை நீங்கள் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியவரும். மயங்கிக் கிடப்பவர் சொல்ல முடியாது.

பார்க்கப் போகும்போது நாங்கள் என்ன செய்யலாம், என்ன கூடாது?

கைகழுவுங்கள், தடிமன் இருமல் உள்ளவர்கள் உள்ளே போகாதீர்கள், மோதிரம் காப்புகளைக் கழற்றுங்கள். நல்லூரானின் விபூதியை நெற்றியில் பூச விரும்புவோர் தையலுக்கும் குழாய்க்கும் அருகே பூசாமல், தாதியரிடம் கேட்டு, உலர்ந்த விபூதியைத் தோல் சுகமாக உள்ள இடத்தில் சிறிதளவு தொட்டு வைக்கலாம். தீர்த்தத்தை வாயில் விடவே கூடாது. விழுங்க முடியாதவருக்கு ஒரு கரண்டி நீரும் நுரையீரலுக்குள்தான் போகும். கஞ்சியோ இளநீரோ கொண்டுவந்து மூக்குக் குழாயில் விடும்படி கேட்க வேண்டாம். அளவும் சுத்தமும் பார்த்த உணவு ஏற்கெனவே கொடுக்கப்படுகிறது.

அவரிடம் பேசுங்கள். கேட்கிறதோ இல்லையோ, வீட்டுக் குரல் தீங்கு செய்யாது, மேலே சொன்ன, வியர்த்து விறைக்கும் நரம்புக் கிளர்ச்சி உள்ள வேளை தவிர.

காய்ச்சல் விட்டதும் கண் திறப்பாரா?

காய்ச்சலும் தொற்றும் விழிப்பைத் தாழ்த்துவதனால், அவை தீர்ந்தபின் சிலர் முன்னரை விடத் தெளிவாவது உண்மை. ஆனால் விழிப்பு முதன்மையாக மூளைக் காயத்தின் அளவில் தங்கியுள்ளது. தொற்று ஒன்று தீர்ந்தபின் மற்றொன்று வருவதும் இந்த நோயாளரில் வழமை. ஒரு நாள் வெப்பநிலையை வைத்து நம்பிக்கை கொள்வதையும் இழப்பதையும் தவிர்த்து, வாரத்துக்கு ஒருமுறையாவது பொறுப்பு வைத்தியருடன் இருந்து பேசி, முழு நிலைமையையும் கேட்டறியுங்கள். வீட்டில் ஒருவரே பேசி மற்றவர்களுக்குச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

வீட்டுக்குக் கொண்டுபோன பின் காய்ச்சல் வந்தால்?

தொண்டைத் துளைக் குழாயுடனும் சிறுநீர்க் குழாயுடனும் வீடு திரும்புவோர் உண்டு. வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். 38 பாகையைத் தாண்டினால் பரசிற்றமோல் கொடுத்து, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய சீட்டை வைத்து மருந்துக்கடையில் அன்ரிபயோட்டிக் வாங்க வேண்டாம். காய்ச்சலுடன் தூக்கம் கூடுதல், ஓயாத வாந்தி, கடும் தலையிடி, வலிப்பு, கழுத்து விறைப்பு, தையலில் சீழ், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள். சத்திரசிகிச்சை விபரமும் கடைசிக் கல்ச்சர் முடிவும் உள்ள வெளியேற்றச் சீட்டை அவருடன் அனுப்புங்கள். இரவில் வரும் புதிய வைத்தியர் எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே முடிவு செய்வார்.